குன்றிமணி முதல் மில்லிகிராம் வரை

ஆரணி நகரில் தராசு என்பது வணிகருக்கு மட்டும் உரிய கருவியன்று. நெசவாளர் இல்லங்களிலும் அதன் மொழி பேசப்படுகிறது. பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டு நூல் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. நெய்து முடித்த சேலை திரும்பி வருங்கால் மீண்டும் நிறுக்கப்படுகிறது. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் கூலியும் நாணயமும் அடங்கிக் கிடக்கின்றன. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அளவையின் அருமையை எவரும் தனியே போதிக்க வேண்டியதில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம்.

அண்மையில் ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். பட்டு நூல் கடையொன்றில் நூல் நிறுத்துக் கொடுப்பது அவர் தொழில். மகள் செவிலியர் பயிற்சியில் முதலாண்டு பயில்கிறார். “ஹஜ்ரத், இவள் நோயாளியைக் கண்டு அஞ்சவில்லை, இரத்தத்தைக் கண்டும் அஞ்சவில்லை. மருந்துக் கணக்கைக் கண்டுதான் அழுகிறாள். படிப்பையே விட்டுவிடுகிறேன் என்கிறாள். நீங்கள் ஃபராயிழ் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் ஆயிற்றே; ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

நாம் மருத்துவம் கற்றவரல்லோம். ஆயினும் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். முதற் கணக்கு இது: மருத்துவர் 375 மில்லிகிராம் மருந்து கொடுக்கும்படி எழுதியிருக்கிறார். கையிலுள்ள மருந்து நீரில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் மருந்து உள்ளது. எத்தனை மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும்?

அதனைப் படித்ததும் நமக்குப் பழைய நண்பர் ஒருவரை எதிர்பாராது சந்தித்தாற் போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. புதிய உடை உடுத்திருந்தாரேயன்றி, ஆள் பழைய ஆளே! அந்த நண்பரின் வரலாற்றைத்தான் இங்கே வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நான்கு எண்களின் உறவு

பக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ இயற்றிய ‘அல்-ஜப்ரு வல் முகாபலா’ என்னும் நூலை நம்மவர் பெருமையோடு பேசுவதுண்டு. அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனக் கணக்கும் பாகப் பிரிவினைக் கணக்கும் ஆகும் என்பதை அறிந்தோர் குறைவு. அதில் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய ஒரு சிறிய அத்தியாயமும் உண்டு. மக்களின் வாணிபம் அனைத்தும் நான்கு எண்களால் நடைபெறுகிறது என்று அதில் விளக்குகிறார் ஆசிரியர். ஒரு குறித்த அளவு, அதற்குரிய விலை, வாங்குவோன் தரும் தொகை, அவன் பெறும் பொருள். இந்நான்கில் மூன்று தெரிந்தால் நான்காவது தானே வெளிப்படும். எதிரெதிரே நிற்கும் இரண்டைப் பெருக்கி, தனித்து நிற்கும் எண்ணால் வகுத்தால் விடை கிட்டும்.

இந்தக் கணிதம் பாரத நாட்டிலும் பழமையானது. கி.பி. 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டரின் நூலில் இது ‘திரைராசிகம்’ என்னும் பெயரால் வழங்குகிறது. மூன்று தொகைகளைக் கொண்டு நான்காவதைக் காண்பது என்பது அதன் பொருள். தமிழ்க் கணக்காயர்கள் இதனை ‘முத்தொகை வினா’ என்றனர். ஐந்து தெரிந்து ஆறாவதைக் காண்பது ஐந்தொகை வினா. அல்-பீரூனீ அவர்கள் இந்தியரின் இக்கணித முறையைப் பற்றி அரபு மொழியில் ஒரு தனி நூலே எழுதினார்கள். மருந்துப் பொருள்களின் பெயர்களைப் பன்மொழிகளிலும் ஆராய்ந்து ‘கிதாபுஸ் ஸைதனா’ என்ற நூலை எழுதியவரும் அவரே. கணக்கும் மருந்தும் ஒரே பேனாவின் கீழ்க் கூடியதற்கு அவரைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, அந்தப் பெண்ணின் கணக்கிற்கு வருவோம். 5 மில்லிலிட்டர் என்பது குறித்த அளவு. 125 மில்லிகிராம் என்பது அதன் ‘விலை’. 375 என்பது நாம் ‘தர’ வேண்டிய தொகை. அதற்குப் பெறும் பொருள் எவ்வளவு? ஐந்தை 375ஆல் பெருக்க 1875. அதனை 125ஆல் வகுக்க 15. பதினைந்து மில்லிலிட்டர். “மகளே, உன் தந்தை கடையில் இத்தனை கிராம் நூலுக்கு இத்தனை ரூபாய் என்று நாள்தோறும் போடும் கணக்கு இதுதான். அங்கே பட்டு, இங்கே மருந்து!” என்றோம். அழுத கண்கள் சற்றே மலர்ந்தன.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. நூல் கடையில் கணக்குத் தவறினால் மறுநாள் சரி செய்து கொள்ளலாம். மருந்தில் தவறினால் அந்த மறுநாள் சிலருக்கு வாய்ப்பதில்லை. அப்பெண்ணின் கண்ணீரில் ஒரு நியாயமும் இருந்தது.

விதைகளே எடைக்கற்கள்

மருந்தை நிறுக்க மனிதன் முதலில் நாடியது விதைகளை. நம் தமிழ் மருத்துவர்களின் சிறு எடை குன்றிமணி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இவற்றோடு பணவெடை, வராகனெடை, பலம் என நாணயப் பெயர்களும் பிறவும் சேர்ந்தன. இக்காலச் சித்த மருத்துவ நூல்கள் குன்றிமணியை 130 மில்லிகிராம் என்றும், பணவெடையை 488 மில்லிகிராம் என்றும், பலத்தை 35 கிராம் என்றும் வரையறுத்துள்ளன.

அரபுலகில் ‘கீராத்’ என்னும் சிற்றெடை வழங்கிற்று. அது ஒரு மரத்தின் விதையைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பொற்கொல்லர் சொல்லும் ‘காரட்’ அதன் உடன்பிறப்பே. அதற்கு மேல் திர்ஹமும் மிஸ்காலும். ஏழு மிஸ்கால் பத்துத் திர்ஹத்திற்குச் சமம் என்பதை ஜகாத் பாடம் ஓதிய ஒவ்வொரு மாணவரும் அறிவர். ஜகாத்திற்கு நிறுத்த அதே எடைகளால்தான் அன்றைய ஹகீம்கள் மருந்தையும் நிறுத்தனர்.

ஆங்கிலேயர் வந்தபோது கொணர்ந்த ‘கிரெயின்’ என்பதும் தானிய மணியே. ஏறத்தாழ 65 மில்லிகிராம். இருபது கிரெயின் ஒரு ஸ்குரூபிள். மூன்று ஸ்குரூபிள் ஒரு திராம். எட்டுத் திராம் ஒரு அவுன்ஸ். திராம் என்பதும் நம் திர்ஹம் என்பதும் ஒரே கிரேக்கத் தாயின் மக்கள். ஆரணிப் பட்டு நூலின் நயத்தை அளக்கும் ‘டெனியர்’ என்ற சொல்லும், பொன் நாணயமாகிய ‘தீனார்’ என்ற சொல்லும் உரோமர் நாணயப் பெயர் ஒன்றின் வழி வந்தவை. ஒன்பதாயிரம் மீட்டர் நீள இழை எத்தனை கிராம் நிற்கிறதோ அத்தனை டெனியர். ஆக, நம் ஊர்த் தறியில் அமர்ந்திருப்பவரும் உரோமாபுரியின் நாணயத்தை அறியாமலே உச்சரித்துக் கொண்டிருக்கிறார்!

இத்தனை எடைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்ததில் ஆபத்தும் குவிந்தது. கடையில் வழங்கிய அவுன்ஸ் ஒன்று, மருந்து அவுன்ஸ் மற்றொன்று. முன்னது 437½ கிரெயின், பின்னது 480. மருந்துச் சீட்டில் திராமுக்கும் அவுன்ஸுக்கும் எழுதிய குறிகளோ, ஒரு சுழிப்பே வேறுபாடு என்னும்படி ஒத்திருந்தன. சுழிப்பு ஒன்று கூடினால் மருந்து எட்டு மடங்கு கூடிவிடும். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின் பின், 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, பழமை போகிறதே என்று வருந்தியோர் உண்டு. மருந்தைப் பொறுத்தவரை அது வருந்தத்தக்க மாற்றமன்று. உயிர் காக்கும் மாற்றமே எனலாம்.

கிந்தீயின் துணிவு

எடை ஒன்று, அளவு மற்றொன்று. இந்த நோய்க்கு இவ்வளவு மருந்து என்று வரையறுப்பது எங்ஙனம்? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ ஞானி அல்-கிந்தீ இக்கேள்விக்குக் கணிதத்தால் விடை காண முயன்றார். மருந்துகளுக்கு வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய குணங்கள் உண்டென்றும், அவை நான்கு படிகளாக அமைந்துள்ளன என்றும் கிரேக்க மருத்துவர் கருதினர். படி ஒவ்வொன்று ஏறும்போதும் குணம் இரட்டிக்கும் என்றார் கிந்தீ. முதற்படியில் இரு மடங்கு, இரண்டாம் படியில் நான்கு, மூன்றில் எட்டு, நான்கில் பதினாறு. பல சரக்குகள் கலந்த மருந்தின் மொத்த வலிமையையும் இதனால் கணிக்கலாம் என நம்பினார். அவர் நூலைக் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் அதனைப் பயின்றனர்.

ஆயினும் குர்துபாவின் அறிஞர் இப்னு ருஷ்து தம் ‘குல்லிய்யாத்’ நூலில் கிந்தீயின் இக்கணிப்பை வன்மையாக மறுத்தார். இன்றைய அறிவு, அந்த வெப்ப குளிர்ச்சிப் படிகளையே ஏற்பதில்லை. அங்ஙனமாயின் கிந்தீயின் உழைப்பு வீணா? அன்று. மருந்தின் அளவு மருத்துவரின் மனப்போக்கில் விடத்தக்கதன்று, எண்ணால் வரையறுக்கத்தக்கது என்ற எண்ணத்தை விதைத்தது அது. விடை தவறினும் வினா சரியானது. நம் முன்னோரைப் புகழும்போது அவர்கள் எங்கே தவறினார்கள், அத்தவற்றை நம்மவரே எங்ஙனம் திருத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகும்.

கணக்கு இருந்தும் கண்காணிப்பு இல்லையேல் பயனில்லை. அதனால்தான் சந்தைகளில் ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரி அமர்த்தப்பட்டார். அவருக்கென எழுதப்பட்ட அஷ்-ஷைஸரீயின் கையேட்டிலும், இப்னுல் உகுவ்வாவின் கையேட்டிலும் மருந்துச் சாறு காய்ச்சுவோரையும் மருந்துச் சரக்கு விற்போரையும் சோதிப்பதற்குத் தனி அத்தியாயங்கள் உள. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்து தீங்கு விளைப்பவன் அதற்கு ஈடு கொடுக்கும் பொறுப்புடையவன் என்பது ஹதீஸ் நூல்கள் தரும் சட்டம். நிறுவையில் மோசம் செய்வோருக்குக் கேடு உண்டென்று எச்சரிக்கும் அத்தியாயத்தை நாம் கடைவீதிக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம். மருந்து மேசைக்கும் அது பொருந்தும் அன்றோ?

புள்ளியின் கதை

செவிலியர் கணக்கில் மிகச் சிறியதும் மிகக் கொடியதும் தசமப் புள்ளி. அதன் வரலாறும் நமக்கு அயலன்று. திமிஷ்கில் ஹிஜ்ரி 341இல், அதாவது கி.பி. 952ஐ ஒட்டி, அல்-உக்லீதிஸீ எழுதிய இந்தியக் கணக்கு நூலில் தசம பின்னம் கையாளப்பட்டுள்ளது. முழு எண் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட அவர் ஒன்றாமிடத்து எண்ணின் மேல் ஓர் அடையாளம் இட்டார். பின்னர் 1427இல் ஸமர்கந்து நகரில் அல்-காஷீ தம் ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ நூலில் இதனை விரிவாக வளர்த்தார். ஐரோப்பாவில் ஸ்டெவின் என்பார் தசம பின்னம் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டது 1585இல்.

உக்லீதிஸீ இட்ட அந்தச் சிறு குறி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். ஆகவே இன்று செவிலியருக்குக் கற்பிக்கப்படும் விதிகள் சில, பார்வைக்கு எளியவை. பின்னால் பலரின் துயரம் உள்ளவை. அரை மில்லிகிராமை வெறும் புள்ளியிட்டு எழுதாமல், முன்னே சுழியம் இட்டு 0.5 என எழுத வேண்டும். ஐந்தை 5.0 என எழுதலாகாது. புள்ளி மங்கினால் ஐம்பதாகிவிடும். இன்சுலின் ‘யூனிட்’ என்பதை ஆங்கில முதலெழுத்தால் சுருக்கலாகாது. அவ்வெழுத்து அவசரக் கையெழுத்தில் சுழியமாகத் தோன்றி, நான்கை நாற்பதாக்கிவிடும்.

இன்சுலினில் மற்றொரு கண்ணியும் உண்டு. நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் உள்ள குப்பியும் வழங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழல். நாற்பதுக்குரிய குழலில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால் அது அரை மில்லிலிட்டர். நூறு யூனிட் குப்பியிலிருந்து அங்ஙனம் இழுத்தால் உடலில் செல்வது இருபதன்று, ஐம்பது! இரண்டரை மடங்கு. சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இந்நாளில், இது செவிலியர் மட்டும் அறிய வேண்டிய கணக்கன்று.

சொட்டு மருந்துக் கணக்கும் அவ்வாறே. 1000 மில்லிலிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாய் மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடுவது. மொத்தம் 20,000 சொட்டு. நேரம் 480 நிமிடம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. நள்ளிரவில், நோயாளி முனகும் ஒலிக்கிடையே, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணும் பெண்ணின் உள்ளத்தில் இக்கணக்கு தெளிந்திருக்க வேண்டும்.

மூன்று வாசற்படிகள்

ஆரணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். 1890களில் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை ஓரிரவில் மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து அழைத்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் உடன்படவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம் பெண். நம் வீட்டு வாசற்படியும் அந்தக் கதையில் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கிற்று. 1900இல் அவர் வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு அங்கே வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871லேயே தொடங்கியிருந்தது. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டமும், 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் வந்தன. கைமருத்துவமாக இருந்த தொண்டு, கணக்கும் சட்டமும் உடைய கல்வியாயிற்று.

“பெண் பிள்ளைக்கு இத்தொழில் தகுமா?” என்று இன்றும் கேட்போர் உளர். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை எங்கே வைத்துக் கவனித்தார்கள் என்பதை அவர்கள் ஸீராவில் புரட்டிப் பார்க்கட்டும். ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில்! அக்கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் இருந்தது.

எந்தக் கரண்டி?

நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் மறைக்காது சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் தங்கை மகனுக்கு இருமல். ஒரு தேக்கரண்டி மருந்து என்று சீட்டில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னவர் நாமே. ‘கரண்டி’ என்று மட்டும் சொன்னோம். அடுக்களையில் கைக்கு அகப்பட்டது மேசைக்கரண்டி. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. மூன்று வேளையும் மும்மடங்கு சென்றது. இரவில் பிள்ளையை எழுப்பினால் எழவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த இளஞ்செவிலியர் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. “எந்தக் கரண்டியால் கொடுத்தீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியில் அனைத்தும் விளங்கிவிட்டது. இரவு முழுதும் அவர் பிள்ளையின் மூச்சை எண்ணியபடி அருகே இருந்தார். விடியற்காலையில் பிள்ளை கண் விழித்தான், அல்ஹம்து லில்லாஹ்.

மிஸ்காலையும் திர்ஹத்தையும் முப்பதாண்டு போதித்த நமக்கு, நம் வீட்டுக் கரண்டியின் அளவு தெரிந்திருக்கவில்லை! அன்று முதல் மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் குப்பியை நம் வீட்டில் எவரும் எறிவதில்லை. குழந்தை மருந்தில் ஒரே பெயருடைய காய்ச்சல் மருந்து 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 உள்ளதாகவும் கிடைக்கிறது. சென்ற முறை கொடுத்த அளவையே புதுப் புட்டியிலும் கொடுத்தால் இரு மடங்காகும். புட்டியின் பெயரைப் படிப்பது பாதிப் படிப்பு. எண்ணையும் படிப்பதே முழுப் படிப்பு.

இரண்டாம் நிறுவை

அந்தப் பெண் அடுத்த சில வாரங்கள் மாலைதோறும் வந்தார். நாம் கற்பித்தது புதிதொன்றுமில்லை. வாரிசுக் கணக்கில் பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொணர்வது போல, இங்கே கிராமையும் மில்லிகிராமையும் முதலில் ஓரினமாக்கு. பின்னர் நான்கு எண்களையும் எதிரெதிரே நிறுத்து. விடை வந்ததும், இது ஓர் உடல் தாங்கும் அளவா என்று அறிவைக் கொண்டு கேள். இம்மூன்றே. கற்றதில் நாமும் பங்கு பெற்றோம். ஆபத்தான மருந்துகளை ஒரு செவிலியர் கணக்கிட்டதும், மற்றொரு செவிலியர் அதைப் பாராமல் தாமே தனியாகக் கணக்கிட்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற முறையை அவர் நமக்குச் சொன்னார். கடனை எழுதிக் கொள்ளுங்கள், சாட்சி வைத்துக் கொள்ளுங்கள் என்ற இறை கட்டளையின் ஞானம் நமக்கு மருந்து மேசையின் மீது மற்றொரு முறை புலனாயிற்று.

அருகே அமர்ந்து கேட்டிருந்த அவர் தந்தை மெல்லச் சொன்னார்: “நாங்களும் அப்படித்தான், ஹஜ்ரத். விலை உயர்ந்த நூலாக இருந்தால் ஒருவர் நிறுத்ததை இன்னொருவரும் நிறுத்துப் பார்ப்போம்.”

தந்தையின் தராசும் மகளின் ஊசிக்குழலும் ஒரே மீஸானின் இரு தட்டுகள் என்பதை அவர் ஒரு வரியில் உரைத்துவிட்டார். நம் சமுதாயத்தில் மேடைதோறும் குவாரிஸ்மீயின் பெயர் ஒலிக்கிறது. நம் பிள்ளைகளோ பின்னத்தைக் கண்டு அஞ்சி நல்ல கல்வியைக் கைவிடுகின்றனர். முன்னோரின் பெயரைச் சொல்வதைக் குறைத்து, அவர்களின் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதை மிகுப்போமாக. மக்தபில் ஃபராயிழ் கற்பிக்கும் உஸ்தாதுகள், தம் மஹல்லாவில் செவிலியர் கல்வி பயிலும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் அதுவும் இல்மைப் பரப்பியதாகவே அமையும்.

அந்தப் பெண் இப்பொழுது இரண்டாம் ஆண்டில் பயில்கிறார். கணக்கைக் கண்டு அழுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் இரு முறை போடுகிறார். அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டதா என்று கேட்டோம். “கொஞ்சம் இருக்கிறது ஹஜ்ரத்” என்றார். இருக்கட்டும் என்றோம், பிறர் உயிரைக் கையில் ஏந்துபவருக்கு அந்தக் கொஞ்சம் வேண்டும்.